தண்டர்போல்ட்டுக்கு 42 மீட்டர் கேபிள்: ஜிபிஎஸ் நேர ஆன்டெனாவுக்கான கேபிள், கனெக்டர் தேர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

கருவி தரைத்தளத்தில் இருக்கிறது. ஆன்டெனா நான்கு மாடி தாண்டி மொட்டை மாடியில். கடல் காற்று அடிக்கும் ஊர். கருவி, ட்ரிம்பிள் தண்டர்போல்ட். ஜிபிஎஸ் நேரத்தைப் பிடித்து, அதைக் கொண்டு உள்ளிருக்கும் ஆசிலேட்டரை நேர்ப்படுத்தி, 10 மெகாஹெர்ட்ஸ் அலையும் நொடிக்கொரு துடிப்பும் தருவது. ஆன்டெனா கம்பத்தில் திருகும் புல்லட் வகை. 5 வோல்ட்டில் ஓடுவது, 28 டெசிபெல் பெருக்கம் கொண்டது. இரண்டுக்கும் நடுவே 42 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். மேலே பிஎன்சியிலிருந்து டிஎன்சிக்கு ஒரு அடாப்டர், கீழே பிஎன்சியிலிருந்து எஃப்-க்கு இன்னொன்று (மூன்றும் கனெக்டர் வகைகள்).

கோடையில் ஐந்தாறு செயற்கைக்கோள்கள் எப்படியோ பிடிபடும். ஐப்பசி மழை தொடங்கினால் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கருவி ஜிபிஎஸ் துணையின்றித் தன் ஆசிலேட்டரை மட்டும் நம்பி ஓடும் நிலைக்குப் போய்விடும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் திரும்பி வரும். இந்த வரிசையிலேயே இரண்டு குறைகள் தெரிகின்றன. கேபிளின் இழப்பு முதலிலிருந்தே அளவுக்கு மீறியது. அதன் மேல் எங்கோ தண்ணீர் புகுந்து மிச்சமிருந்ததையும் தின்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் முதலில் எழும் பேச்சு “50 ஓம் கருவிக்கு 75 ஓம் கேபிள் போடலாமா” (ஓம் என்பது இங்கே கேபிளும் கருவியும் அலைக்குக் காட்டும் மின்மறுப்பு) என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இழப்பு எங்கே வலிக்கிறது

ஜிபிஎஸ் எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ். தரையில் அதன் உத்தரவாத அளவு மைனஸ் 128.5 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயல்பாக இருக்கும் வெப்ப இரைச்சலோ மைனஸ் 111 டிபிஎம். அதாவது சிக்னல் இரைச்சலுக்கு 17 டெசிபெல் அடியில் கிடக்கிறது. ரிசீவர் அதன் குறியீட்டைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் தோண்டி எடுக்க முடிகிறது.

ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி சிக்னலையும் வானத்தின் இரைச்சலையும் சேர்த்தே தூக்குகிறது. அதன் பிறகு கேபிள் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ஆகவே கேபிளில் 10 டெசிபெல் போனால் சிக்னல் தரத்திலும் 10 டெசிபெல் போய்விடும் என்று நினைப்பது தவறு. பெருக்கியிலிருந்து வந்த இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட உயரமாக இருக்கும் வரை இழப்பு உறைக்காது. அந்த உயரம் தீர்ந்துபோனால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டெசிபெல்லும் ஏறக்குறைய முழுசாக வலிக்கும்.

இங்குள்ள நீளத்துக்குக் கணக்குப் போடலாம். பெருக்கியின் இரைச்சல் எண் (அது சிக்னல் தரத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதன் அளவு) 2 டெசிபெல், ரிசீவருடையது 4 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நடைமுறையில் காணும் அளவுகள். கனெக்டர்களுக்கும், கேபிளில் பாயும் இடி மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் இடிதாங்கிக்கும் சேர்த்து 1.5 டெசிபெல் ஒதுக்குவோம். 42 மீட்டருக்கு வருவது இது:

ஆர்ஜி-58: 100 மீட்டருக்கு 60 முதல் 80 டெசிபெல்; தயாரிப்பைப் பொறுத்து மாறும். நடுவில் 70 என்று எடுத்தால் மொத்த இழப்பு 31 டெசிபெல். முழு அமைப்பின் இரைச்சல் எண் 8.1.
எல்எம்ஆர்-240: 100 மீட்டருக்கு 33, மொத்தம் 15.4, இரைச்சல் எண் 2.4.
ஆர்ஜி-6: 100 மீட்டருக்கு 27, மொத்தம் 12.8, இரைச்சல் எண் 2.2.
எல்எம்ஆர்-400: 100 மீட்டருக்கு 17, மொத்தம் 8.6, இரைச்சல் எண் 2.1.

ஆர்ஜி-58 இருந்த இடத்தில் 28 டெசிபெல் பெருக்கத்தைக் கேபிள் முழுக்க விழுங்கிவிட்டு இன்னும் 3 டெசிபெல் கடன் வைக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் இருக்க வேண்டியதைவிட 6 டெசிபெல் கீழே தெரியும். உச்சியில் இருப்பவை அதைத் தாங்கும். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பவை காணாமல் போகும். கோடையில் ஐந்தாறு மட்டும் நின்றதற்குக் காரணம் இதுவே.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும். எல்எம்ஆர்-400 ஆர்ஜி-6-ஐவிடப் பல மடங்கு விலை, 10.3 மில்லிமீட்டர் தடிமன். மாடிப்படிச் சந்துகளில் வளைக்கக் கை வலிக்கும். இந்த நீளத்துக்கு அது தரும் ஆதாயம் 0.1 டெசிபெல். இதை எந்த ரிசீவரும் உணராது. தடித்த கேபிள் வாங்கினால் நேரம் துல்லியமாகும் என்று செலவு செய்பவர்கள் அந்தப் பணத்தை நல்ல கனெக்டருக்கும் அதைப் பொருத்தும் கருவிக்கும் போடலாம்.

ஆர்ஜி-6 எவ்வளவு தூரம் போகும்? 28 டெசிபெல் ஆன்டெனாவுக்கு 42 மீட்டர் வரை யோசிக்க வேண்டியதில்லை. 35 டெசிபெல் ஆன்டெனாவுக்கு 68 மீட்டர் வரை நிம்மதி. அதற்கு மேல் எல்எம்ஆர்-400 அல்லது ஆர்ஜி-11, இல்லாவிட்டால் நடுவில் ஒரு லைன் பெருக்கி. நினைவில் கொள்ள ஒரே விதி: ஆன்டெனாவின் பெருக்கத்தில் எல்லா இழப்பும் போக ரிசீவர் வாசலில் 15 டெசிபெல்லாவது மிஞ்ச வேண்டும். அதிகமும் ஆகாது. 40 டெசிபெல் ஆன்டெனாவை 5 மீட்டர் கேபிளில் மாட்டினால் சில ரிசீவர்களின் முன்பகுதி திணறும். பக்கத்துக் கட்டடத்தில் மொபைல் கோபுரம் இருந்தால் இன்னும் மோசம். மேல் வரம்பு ஒவ்வொரு ரிசீவரின் கையேட்டிலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டே ஆன்டெனா வாங்க வேண்டும்.

50 ஓம், 75 ஓம்

தண்டர்போல்ட்டின் ஆன்டெனா வாசல் எஃப் வகை. 75 ஓம் ஆர்ஜி-6 அதில் நேராக உட்காரும். இந்த நிகழ்வில் கேள்வியே எழவில்லை. ஆனால் எஸ்எம்ஏ என்னும் சிறிய திருகு வாசலும் 50 ஓமும் கொண்ட, யு-பிளாக்ஸ் நிறுவன வகை ரிசீவர்களுக்கும் ஆர்ஜி-6 போடலாமா என்று எல்லோரும் கேட்பதால் கணக்கைச் சொல்லிவிடலாம்.

50-ம் 75-ம் சந்திக்கும் இடத்தில் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்புகிறது. சக்தியில் அது 4 சதவீதம், 0.18 டெசிபெல். இரண்டு முனையிலும் பொருந்தாமல், அலைநீளக் கணக்கும் மிக மோசமாக அமைந்தால்கூட 0.7 டெசிபெல்லைத் தாண்டாது. கேபிளின் சொந்த இழப்பு அதையும் குறைத்துவிடும். 70 டெசிபெல் ஆர்ஜி-58-ஐ “50 ஓம் ஆயிற்றே” என்று வைத்துக்கொண்டு, 27 டெசிபெல் ஆர்ஜி-6-ஐ ஒதுக்குவது இந்த எண்களைப் பார்த்த பிறகும் தொடரக் கூடாது.

நேரத்துக்கு வேறொரு கவலை உண்டு. ரிசீவரில் பட்டுத் திரும்பி, ஆன்டெனாவில் பட்டு மறுபடியும் வரும் எதிரொலி. இரண்டு முனைப் பிரதிபலிப்புக்கும் 14 டெசிபெல் வீதம் 28, கேபிளில் கூடுதலாகப் போய்வருவதற்கு 22.6, ஆக எதிரொலி நேர்ச் சிக்னலைவிட 50 டெசிபெல் கீழே இருக்கும். அதனால் வரும் நேரப் பிழை ஓரிரு நானோ நொடிக்குள் அடங்கும். நாள்தோறும் மாறுவதும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கேபிள் குட்டையானால் இந்தப் பாதுகாப்புக் குறையும். 5 மீட்டர் ஆர்ஜி-6-இல் எதிரொலி 31 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கும். ஒரு நானோ நொடிக்காகப் போராடும் ஆய்வகங்கள் முழுச் சங்கிலியையும் 50 ஓமிலேயே வைத்திருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். இங்கே அந்தத் தேவை இல்லை.

எந்த ஆர்ஜி-6

கடையில் ஆர்ஜி-6 என்று கேட்டால் டிடிஎச் டிஷ்ஷுக்குப் போடும் கேபிளைத்தான் நீட்டுவார்கள். அதுவே போதும், ஆனால் எல்லாச் சுருளும் ஒன்றல்ல.

நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர். முழுச் செம்பாகவும் கிடைக்கும், செம்பு பூசிய எஃகாகவும் கிடைக்கும். ஜிபிஎஸ் அலை செம்பின் மேல் தோலில் 1.7 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. உள்ளே எஃகு இருப்பது அதற்குத் தெரியாது. தெரிவது ஆன்டெனாவுக்குப் போகும் டிசி மின்சாரத்துக்கு. எஃகு நடுக்கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 100 ஓம் அளவு. 42 மீட்டருக்கு 4 ஓமுக்குச் சற்று மேல், வெளிப்பின்னலோடு சேர்த்து 6 ஓம். ஆன்டெனா 50 மில்லியாம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் குறையும். 5 வோல்ட் ஆன்டெனாவுக்கு இது பொருட்டல்ல. 3.3 வோல்ட் கொடுக்கும் ரிசீவரும் 3 வோல்ட்டுக்குக் கீழே ஓடாத ஆன்டெனாவும் சேர்ந்தால் இதுவே சிக்கல். அங்கே முழுச் செம்புதான். செம்பு பூசிய அலுமினியம் வேண்டவே வேண்டாம். எஃப் கனெக்டரில் நடுக்கம்பியே முள்ளாக நிற்பதால், நாலு முறை கழற்றி மாட்டினால் ஒடிந்துவிடும்.

காப்பு நுரைப் பாலிஎத்திலீனாக இருக்க வேண்டும். வெளியுறை கறுப்புப் பாலிஎத்திலீன். வெள்ளை பிவிசி உறை வீட்டுக்குள் ஓட்டுவதற்கு. மொட்டை மாடி வெயிலில் சில ஆண்டுகளில் வெடிக்கும், வெடிப்பில் மழை இறங்கும். மறைப்பில் தகட்டோடு பின்னலும் அடர்த்தியாக இருப்பதை முனையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றடுக்கு மறைப்பு நல்லது. நாலடுக்கு கேபிளுக்குக் கனெக்டர் வேறு. மூன்றடுக்குக்கு வாங்கியதை அதில் திணித்தால் பின்னல் சுருண்டு கிழியும்.

கனெக்டர்கள்: பழுதுகள் பிறக்கும் இடம்

பழைய அமைப்பில் ஆன்டெனாவிலிருந்து கருவி வரை எண்ணினால், அடாப்டர்களோடு சேர்த்து நான்கு இணைப்புகள். இரண்டு அடாப்டர்களும் எடுக்கப்பட்டன. புதிய கேபிள் இரண்டு துண்டு: ஆன்டெனாவிலிருந்து மாடிப்படி அறையின் சுவர்ப்பெட்டி வரை 6 மீட்டர், அங்கிருந்து ஆய்வகம் வரை 36 மீட்டர். பெட்டிக்குள் இடிதாங்கி. ஆன்டெனா முனையில் ஆர்ஜி-6-க்கென்றே செய்த கிரிம்ப் டிஎன்சி. மற்ற மூன்று முனைகளிலும் கம்ப்ரெஷன் வகை எஃப். இணைப்பு எண்ணிக்கை அதே நான்குதான். ஆனால் திறந்த வெளியில் இருப்பது ஒன்று மட்டும், அதுவும் கம்பக் குழாய்க்குள்.

எஃப் கனெக்டரை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. டிஷ் அமைப்புகளில் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை தினமும் ஓடும் கனெக்டர் அது. 1575-இல் அதற்கு ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது மாட்டும் முறையில். கையால் திருகி ஏற்றும் வகையும், இடுக்கியால் நசுக்கும் வகையும் பின்னலைச் சீராகப் பிடிப்பதில்லை. ஈரமும் உள்ளே போகும். கம்ப்ரெஷன் வகையும் அதற்கான அழுத்துக் கருவியும் மட்டுமே வாங்கத் தகுந்தவை.

மாட்டும்போது செய்ய வேண்டியவை:

இரட்டை அலகு உரிப்பானால் நடுக்கம்பியை 6 மில்லிமீட்டரும், வெளியுறையை இன்னொரு 6 மில்லிமீட்டரும் உரிக்க வேண்டும். அலகு நடுக்கம்பியில் கீறல் போடக் கூடாது. செம்புப் பூச்சு கீறிவிட்டால் எஃகு வெளியே வரும், அதன் மேல் கடல் காற்று படும், ஆறே மாதத்தில் துரு. உரித்ததும் ஒரு லென்ஸ் வைத்துப் பார்ப்பது வீண் வேலையல்ல.

காப்பின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பிய்க்காமல் விட்டு, பின்னலை மட்டும் பின்னோக்கி மடிக்க வேண்டும். ஒரே ஒரு இழை முன்னால் நீட்டி நடுக்கம்பியைத் தொட்டாலும் 5 வோல்ட் ஷார்ட் ஆகி ஆன்டெனா அலாரம் வரும். மாட்டிய பிறகு மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் உடலுக்கும் இடையே பார்த்தால் எதுவுமே காட்டக் கூடாது.

வெள்ளைக் காப்பு கனெக்டரின் உள்தரையோடு சமமாக வரும் வரை தள்ளி, பிறகு அழுத்த வேண்டும். நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். குறைந்தால் தொடுப்பு விட்டு விட்டு வரும். கூடினால் வாசலின் உள்ளே இடித்து வில்லை வளைக்கும்.

முறுக்குவது கையால் இறுகும் வரை, பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரில் ஆறில் ஒரு சுற்று. எஸ்எம்ஏ உள்ள ரிசீவராக இருந்தால் பித்தளை நட்டுக்கு 0.56 நியூட்டன்-மீட்டர், ‘என்’ (N) வகைக் கனெக்டருக்கு 1.36. எஸ்எம்ஏ வாசலில் எல்எம்ஆர்-400-ஐ நேரடியாகத் தொங்கவிடுவது பலகையிலிருந்து வாசலையே பிடுங்கிவிடும். அங்கே ஒரு குட்டி இணைப்புக் கேபிள் போட்டு, தடித்த கேபிளின் எடையைச் சுவர்க் கிளிப் தாங்க வேண்டும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் இரண்டு. வைஃபை கருவிகளுக்கென்று விற்கும் தலைகீழ் டிஎன்சி, தலைகீழ் எஸ்எம்ஏ கனெக்டர்கள் பார்க்க அச்சு அசலாக இருக்கும், நூல் சரியாகத் திருகும். ஆனால் நடுவில் முள்ளுக்குப் பதில் குழி. இரண்டு பக்கமும் குழி என்றால் தொடுப்பே இல்லை, ரிசீவர் “ஆன்டெனா இல்லை” என்னும். இரண்டாவது, ‘என்’ (N) வகைக் கனெக்டரிலும் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு உண்டு. 50 ஓம் முள் தடித்தது. 75 ஓம் வாசலில் அழுத்தினால் அதன் விரல்களை விரித்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மாற்றி மாட்டினால் முள் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். குளிரும் வெப்பமும் மாறும்போதெல்லாம் அலாரம் வந்து போகும். காரணம் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும் பழுது இது.

இணைப்பு ஒன்று சரியாக இறுகாமல் போனால் நேரத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2011-இல் ஓபெரா சோதனை, செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக அறிவித்தது. தரைமேல் இருந்த ஜிபிஎஸ் நேரத்தை நிலத்தடிக்குக் கொண்டுவந்த 8.3 கிலோமீட்டர் ஒளியிழையின் கனெக்டர் முழுதாகத் திருகப்படாமல் இருந்தது பிறகு தெரிந்தது. ஒளி மங்கியதால் வாங்கும் சுற்று தாமதமாக விழித்தது. பிழை 70 நானோ நொடிக்கு மேல். அது ஒளியிழை, இது கோஆக்ஸ். ஆனாலும் நேரச் சங்கிலியில் கேபிளின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு இணைப்பை அளக்காமல் விடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

தண்ணீர்

பழைய ஆர்ஜி-58-இன் மேல் முனையை வெட்டிப் பார்த்தால் பின்னல் கறுத்திருக்கும் என்பதை மழைக்கால அறிகுறியே சொல்லிவிடுகிறது. அடாப்டரின் தோளில் இறங்கும் நீர் பின்னலின் இழைகள் வழியே மீட்டர் கணக்கில் ஊறி இறங்கும். கேபிளில் எப்போதும் 5 வோல்ட் நிற்பதால் உப்பு ஈரம் சேர்ந்ததும் அங்கே மின்பகுப்பு தொடங்கி, நேர்முனையான நடுக்கம்பி கரைகிறது. டிசி இல்லாத டிவி ஆன்டெனா கேபிளைவிட ஜிபிஎஸ் கேபிள் சீக்கிரம் கெடுவது இதனால்தான். கறுத்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். கறுப்பு எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

டிஎன்சி இணைப்பைக் கையால் இறுக்கி, அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இரண்டு மடங்கு நீளம் வரும்படி இழுத்து, பாதிக்குப் பாதி மேலடுக்காகச் சுற்ற வேண்டும். கீழிருந்து மேலே சுற்றினால் அடுக்குகள் ஓட்டுக்கூரை போல நீரை வெளியே தள்ளும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு அடுக்கும் நீரை ஏந்தும். அதன் மேல் வெயில் தாங்கும் கறுப்பு பிவிசி நாடா ஒரு சுற்று. சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் போட்டால் முதல் கோடையிலேயே பசை உருகி நழுவும். சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாடை வராத வகை. வாடை வருவது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும்.

புல்லட் ஆன்டெனா குழாயின் தலையில் திருகி, கேபிள் குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் அடியை அடைக்கக் கூடாது. உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வழி வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு சாண் அளவு கீழே தொங்கி மேலேற வேண்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இடி, டிஷ், ஸ்ப்ளிட்டர்

இடிதாங்கி வாயுக்குழாய் வகை, டிசியை விடக் கூடியது, 90 வோல்ட் அளவு. கால் அலைநீளத் துண்டு வகை டிசியைத் தரையோடு இணைத்துவிடும். ஆன்டெனாவுக்கு மின்சாரமே போகாது. பெட்டியிலிருந்து கட்டடத்தின் எர்த்துக்கு ஓடும் கம்பி குட்டையாகவும் வளைவில்லாமலும் இருக்க வேண்டும். ஆன்டெனா மொட்டை மாடியின் மிக உயர்ந்த பொருளாக நிற்கத் தேவையில்லை. வானத்தைத் தடையின்றிப் பார்த்தால் போதும், இடிதாங்கிக் கம்பி அதைவிட உயரமாக இருக்கட்டும்.

ஆர்ஜி-6 எடுத்ததால் வரும் ஒரே புதிய ஆபத்து, மாடியில் ஏற்கெனவே ஓடும் டிடிஎச் கேபிள்களும் அச்சாக இதே போல் இருப்பது. டிஷ் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். யாராவது தவறாக மாற்றி மாட்டினால் 5 வோல்ட் ஆன்டெனா அந்த நொடியே போய்விடும். இரண்டு முனையிலும் பெட்டியிலும் “ஜிபிஎஸ் – 5 வோல்ட் – கழற்ற வேண்டாம்” என்ற பட்டையும், வேறு நிற நாடாவும் கட்டாயம். அதே காரணத்தால் டிஷ் லைன் பெருக்கியை இங்கே போட முடியாது. அலைவரிசை பொருந்தும், ஆனால் பெரும்பாலும் அது 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் ஓடாது.

ஒரே ஆன்டெனாவை இரண்டு ரிசீவருக்குப் பிரிக்க டிஷ் ஸ்ப்ளிட்டர் உதவும். 2400 மெகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருக்க வேண்டும். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் 1000-இல் நின்றுவிடும். இரண்டு வழிக்கு 4 டெசிபெல் போகும். ஒரு வாசல் மட்டுமே டிசியை விட வேண்டும். இரண்டும் விட்டால் ஒரு ரிசீவரின் 5 வோல்ட் இன்னொன்றின் 3.3-க்குள் ஏறும். டிசி தடுக்கப்பட்ட பக்கத்து ரிசீவர் “ஆன்டெனா இல்லை” என்று கத்தினால், அந்த வாசலில் 200 ஓம் சுமை வைத்து 25 மில்லியாம்பியர் இழுக்க வைத்தால் அமைதியாகும்.

தாமதம்

கேபிள் மாறினால் நேரமும் மாறும். திடப் பாலிஎத்திலீன் ஆர்ஜி-58-இல் அலை ஒளியின் 66 சதவீத வேகத்தில் போகிறது, மீட்டருக்கு 5.05 நானோ நொடி. 42 மீட்டருக்கு 212. நுரைக் காப்பு ஆர்ஜி-6-இல் 82 சதவீதம், மீட்டருக்கு 4.07, மொத்தம் 171. பழைய எண்ணை அப்படியே விட்டால் துடிப்பு 41 நானோ நொடி தவறும்.

அது யாருக்கு முக்கியம்? 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் எடுப்பவருக்கு இல்லை. மாறாத தாமதம் அதிர்வெண்ணைத் தொடாது. கணினி வலையில் நேரம் பரிமாறும் என்டிபி சர்வருக்கும் இல்லை. மின்கட்டமைப்பில் ஃபேசர் (மின்னலையின் அளவும் கட்டமும்) அளக்கும் கருவிகளுக்கு 50 ஹெர்ட்ஸில் 1 சதவீதப் பிழை என்பது 32 மைக்ரோ நொடி. 171 நானோ நொடி அங்கே தூசு. ஆனால் தொலைத்தொடர்பில் முதன்மை நேரக் கடிகாரத்துக்கு ஐடியு-டி ஜி.8272 என்னும் சர்வதேசத் தரநிலை தரும் வரம்பு 100 நானோ நொடி; பி வகுப்புக்கு 40. தாமதத்தைப் பதியாமல் விட்டால் ஒரே அடியில் வரம்பு தாண்டிவிடும்.

உறையில் அச்சிட்ட வேகத்தை நம்பி 171 என்று எழுதினால், உண்மை 78 சதவீதமாக இருக்கும் கேபிளில் 180 ஆகிவிடும். எனவே அளப்பது நல்லது. சுருளாகத் தரையில் இருக்கும்போதே, இழுப்பதற்கு முன், சிறிய வெக்டர் அனலைசர் (அலையை அனுப்பித் திரும்புவதையும் ஊடே போவதையும் அளக்கும் கருவி) ஒன்றால் செய்துவிடலாம். ஒரு முனையை அனலைசரில் மாட்டி மறுமுனையைத் திறந்து விட்டு, சில நூறு மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பிரதிபலிப்பின் கட்டம் ஒரு முழுச் சுற்று வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். 171 நானோ நொடி கேபிளில் அவை 2.92 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து, 5-ஐ அந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் தாமதம் மைக்ரோ நொடியில் கிடைக்கும், 29.2 என்றால் 0.171. இரண்டு துண்டுகளையும் இணைத்தே அளக்க வேண்டும். இழப்பை இந்த முறையில் அளக்கப் பார்க்க வேண்டாம். 50 ஓம் அனலைசருக்கும் 75 ஓம் கேபிளுக்கும் நடுவில் வரும் 14 டெசிபெல் பிரதிபலிப்பு மறுமுனையிலிருந்து வருவதை மறைத்துவிடும். இரண்டு முனையையும் கருவியில் மாட்டி, ஊடே போவதை அளந்தால் சரியாக வரும். 11-லிருந்து 12 டெசிபெல்லுக்குள் இருந்தால் கேபிள் நல்லது. 15-ஐத் தொட்டால் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரிசீவரில் பதியும்போது கூட்டல், கழித்தல் குறி கருவிக்குக் கருவி வேறு. தவறாகப் போட்டால் பிழை நீங்குவதற்குப் பதில் இரட்டிப்பாகி 342 ஆகும். முதலில் 1000 நானோ நொடி என்று பதிந்து, துடிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று இன்னொரு கடிகாரத்தோடு ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தாமதத்தை ஈடுகட்டும் குறியில் துடிப்பு முன்கூட்டி வரும். யு-பிளாக்ஸ் நேர ரிசீவர்களில் ஆலையிலிருந்தே 50 நானோ நொடி பதிந்திருக்கும். அதை மறந்து கூட்டக் கூடாது. ஆன்டெனாவுக்குள் இருக்கும் வடிகட்டியும் பெருக்கியும் தரும் தாமதம் தனி. தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலால் கேபிள் தாமதம் மாறுவது இந்த நீளத்தில் ஒரு நானோ நொடிக்கும் கீழே. மாடியில் வெயில் படுவது ஆறே மீட்டர்தான். டெஃப்லான் காப்புக் கேபிள்கள் மட்டும் 19 டிகிரியை ஒட்டிச் சட்டென்று தாமதம் மாறும் குணம் கொண்டவை. விலை அதிகம் என்பதாலேயே அவை நேரத்துக்கு உகந்தவை ஆகிவிடாது.

ஒப்படைக்கும் முன்

மேல் முனையில் ஆன்டெனாவை மாட்டுவதற்கு முன் கருவியை இயக்கி, டிஎன்சியில் மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஆன்டெனா மாட்டியதும் கீழே மின்னோட்டம் அதன் விவரத்தாளில் உள்ள அளவுக்குள் இருக்க வேண்டும். ஆன்டெனா ஒரு மீட்டர் நகர்ந்திருந்தாலும் கருவியை மறுபடியும் தன் இடத்தைக் கணக்கிட விட வேண்டும்; தண்டர்போல்ட் இயல்பாக 2000 நிலைக்கணிப்புகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் இடப்பிழை பத்து நானோ நொடி வரை நேரத்தை இழுக்கும்.

பிறகு ஒரு முழு நாள் சிக்னல் அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும். உயரே நிற்கும் செயற்கைக்கோள்கள் 45 டெசிபெல்-ஹெர்ட்ஸை (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தின் அலகு) ஒட்டி அல்லது அதற்கு மேல் வந்தால் சங்கிலி சரி. எல்லாமே ஒரே அளவு தாழ்ந்திருந்தால் கேபிள் அல்லது கனெக்டர். ஒரு திசையில் மட்டும் தாழ்ந்தால் தண்ணீர்த் தொட்டியோ சுவரோ மறைக்கிறது. ஒரே நேரத்தில் எல்லாம் விழுந்து எழுந்தால் குறுக்கீடு. கேபிளின் நீளம், அளந்த தாமதம், அளந்த இழப்பு, ஆன்டெனா மின்னோட்டம், அன்றைய சிக்னல் அளவுகள், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவர்ப்பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். முதல் பெருமழை பெய்த மறுநாள் மின்னோட்டத்தையும் சிக்னலையும் அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும். சிக்னல் 2 டெசிபெல் இறங்கியிருந்தாலோ மின்னோட்டம் சில மில்லியாம்பியர் ஏறியிருந்தாலோ, மேலே போய் டிஎன்சியின் நாடாவைப் பிரித்துப் பார்க்கும் நேரம் அதுதான். ஈரம் இன்னும் பின்னலுக்குள் இறங்கியிருக்காது.